கொடுத்தவர்க்குத் திரை, வாக்களித்தவர்க்கு வெளிச்சம்

2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தற் காலத்தில் வெளிவந்த செய்தியேடுகளை யான் பழந்தாட் கடைக்குப் போடாது கட்டி வைத்திருக்கின்றேன். அவற்றை அண்மையில் மீண்டும் புரட்டினேன். தமிழ்நாடு 19-4-2024 அன்று வாக்களித்து முடித்தது. எண்ணிக்கையோ 4-6-2024 அன்று. இடைப்பட்ட நாற்பத்தாறு நாள்களும் ஏடுகளுக்கு இரை வேண்டுமே! எவர் எவரொடு கைகுலுக்கினார், எவர் எம்மேடையில் எவர் பெயரை விழுங்கினார், எந்தக் கணிப்பு எவர்க்கு எத்துணை இடம் தந்தது என்றே பக்கம் பக்கமாக நிரம்பிக் கிடக்கின்றது. அவற்றுள் பெரும்பகுதி மறுநாளே மறக்கத் தக்கது.

நம் இயக்கத் தோழருட் பலர்க்குத் தேர்தலில் நம்பிக்கையில்லை. தில்லிக்கு ஆளனுப்பும் திருவிழா என்று அதனை எள்ளுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் யான் தவறாது வாக்களிப்பவன். தன் கருத்தை அச்சமின்றிச் சொல்லவும், விரும்பினால் சொல்லாதிருக்கவும் ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு என்னும் கொள்கையில் ஊன்றி நிற்பவன். என் தாய்மொழிக்கு உரிமை கேட்கும் வாயே பக்கத்து வீட்டானின் வாக்குக்கும் உரிமை கேட்டாக வேண்டும் என்பது என் துணிபு. ஆகவே அவ்வேடுகளில் யான் தேடியது வெற்றி தோல்விக் கணக்கன்று; எதனை மறைக்கின்றனர், எதனைத் திறந்து காட்டுகின்றனர் என்பதையே.

முதலில் மறைத்த கதையைப் பார்ப்போம். 'தேர்தல் பத்திரம்' என அவர்கள் பெயரிட்ட நன்கொடை முறி, 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாகப் புகுத்தப்பெற்று 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் உருபா முதல் ஒரு கோடி உருபா வரை ஐந்து மதிப்புகளில் பாரத சுடேட்டு வங்கி மட்டுமே அதனை விற்றது. வாங்கியவர் எவர், எக்கட்சிக்குக் கொடுத்தார் என்பதைக் கட்சி வெளியிட வேண்டுவதில்லை. நிறுவனங்கள் தம் தூய ஈட்டத்தின் மூவாண்டுச் சராசரியில் ஏழரை விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்கு வழங்கலாகாது என்று அதுகாறும் இருந்த வரம்பும் உடன் நீக்கப்பட்டது. அஃதாவது, இழப்பில் நடக்கும் நிறுவனமும் கட்சிக்குக் கோடிகளைக் கொட்டலாம்! முறியின்மேல் வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் புறவூதா ஒளியில் மட்டுமே தெரியும் எண்ணொன்று அச்சிடப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. அரசின் வங்கிக்குத் தெரியும். குடிமக்களுக்கு மட்டுமே தெரியாது. இப்படியும் ஒரு கமுக்கம்!

15-2-2024 அன்று உச்ச முறைமன்றத்தின் ஐவர் ஆயம் ஒருமனதாக இத்திட்டத்தை வீழ்த்தியது. வங்கியோ பட்டியலைக் கொடுக்க 30-6-2024 வரை காலம் கேட்டது. எண்ணிக்கை முடிந்து ஆட்சி அமைந்த பிறகு என்று பொருள். முறைமன்றம் அதற்கு இசையாமையால் 14-3-2024 அன்று பட்டியல் வெளியாயிற்று. இரண்டே நாளில், 16-3-2024 அன்று, தேர்தல் அறிவிப்பும் வந்தது. அவ்வளவுதான்! வேட்பாளர் பட்டியலும் கூட்டணிப் பூசலும் முதற்பக்கத்தை நிறைத்தன. முறிப் பட்டியல் உட்பக்கத்துக்கு ஒதுங்கிற்று.

அப்பட்டியலில் தமிழர் படிக்க வேண்டிய வரியொன்று உண்டு. மிகுதியாக முறி வாங்கியது பியூச்சர் கேமிங் என்னும் பரிசுச்சீட்டு நிறுவனம். 1,368 கோடி உருபா. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் அந்நிறுவனத்திடமிருந்து 509 கோடி உருபா பெற்றதாகத் தி.மு.க. தன் கணக்கில் தானே காட்டியுள்ளது. பாரதிய சனதாக் கட்சி முறிகளால் பெற்றது ஏறத்தாழ 6,986 கோடி. முறியே வாங்க மறுத்து வழக்கும் தொடுத்த மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியை, அதனொடு நமக்குள்ள வேறுபாடுகள் எத்தனையாயினும், இவ்வொன்றிற்காகப் பாராட்டத்தான் வேண்டும்.

இவ்வழக்கில் நடுவணரசு எடுத்து வைத்த வாதம் கூர்ந்து நோக்கத் தக்கது. வாக்களிப்பவர்க்குக் கமுக்கம் உண்டெனின் நன்கொடையாளர்க்கும் உண்டன்றோ என்றது! எளியவன் ஒருவன் தன் கட்சிக்கு மனமுவந்து தரும் சிறுதொகை அவன் கருத்தின் வெளிப்பாடாகலாம். நிறுவனம் தருவதோ கைம்மாறு கருதிய கொடுக்கல் வாங்கலே என்று முறைமன்றம் பிரித்துக் காட்டியது. சரியான விடைதான். ஆனால், வாக்களிப்பவர்க்கு உண்மையிலேயே கமுக்கம் இருக்கின்றதா என்று ஏடுகளில் ஒன்றேனும் கேட்டதாக என் கட்டில் காணோம்.

சட்டத்தில் இருக்கின்றது. யார்க்கு வாக்களித்தாய் என்று எவரையும் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என 1951-ஆம் ஆண்டு மக்கள் சார்பாண்மைச் சட்டம் விதிக்கின்றது. நடப்போ வேறு. சாவடிக்கொரு பொறி, பொறிக்கொரு கணக்கு, ஒவ்வொரு சாவடியிலும் எவர்க்கு எத்தனை விழுந்தன என்பது படிவம் 20 என்னும் தாளில் ஊரறிய வெளியாகின்றது. ஒரு சாவடி என்பது பெரும்பாலும் ஓர் ஊர்; சிலவிடத்து ஒரு சேரி அல்லது ஒரு தெரு. தனியாள் மறைந்தாலும் தெரு மறைய இயலாது.

இதன் விளைவைக் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. 2019 ஏப்பிரலில், அப்போது நடுவணமைச்சராயிருந்த மேனகா காந்தி உத்தரப்பிரதேசத்தில் வெளிப்படையாகவே பேசினார். 80 விழுக்காடு வாக்களித்த ஊர் முதற்பிரிவு, 60 எனின் இரண்டாவது, 50 எனின் மூன்றாவது, அதற்குங் கீழானது நான்காவது. முன்னேற்றப் பணிகள் அவ்வரிசையிலேயே நடக்கும் என்றார். வாய்விட்டுச் சொன்னவர் அவர். சொல்லாமலே செய்பவர் எத்தனை பேரோ!

வாக்குத்தாள் இருந்த காலத்தில், அச்சுறுத்தலுக்கு இடமுள்ள தொகுதிகளில் பல சாவடித் தாள்களை ஒன்றாய்க் கலந்து எண்ண விதி இருந்தது. பொறி வந்தபின் கலப்பது எப்படி? பல பொறிகளின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவியைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் அதனை ஏற்றது. நடுவணரசு ஏற்கவில்லை. எங்கே வாக்குக் குறைந்தது என்று தெரிந்தால்தான் அங்கே மேலும் உழைக்க இயலுமாம்! மேனகா காந்தி விளக்கிய உழைப்புத்தான் போலும்.

வாக்குக்குப் பணம் வாங்குபவனை ஏசுவதற்கு மட்டும் ஏடுகளுக்கு இடமுண்டு. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் எனப் பணத்தால் நிறுத்தப்பட்ட தேர்தல்களை அடுக்கித் தமிழன் விலைபோய்விட்டான் என்று தலையங்கம் எழுதினர். கையூட்டு இழிவே, யான் மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் எங்கள் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கட்சியின் ஆள், வாக்காளர் பட்டியலும் உறைகளுமாக வந்தார். தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் வேண்டாவென்று கையைப் பின்னிழுத்துக்கொண்டார். "அப்படியானால் எங்களுக்கு எதிர் என்று குறித்துக்கொள்ளட்டுமா, ஆத்தா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மூதாட்டி வாங்கிக்கொண்டார். மறுப்பதே வாக்கை வெளிப்படுத்துவதாகிவிடும்போது அவர் வேறென்ன செய்வார்? சட்டத்தின்படி, கொடுத்தவரோடு அவரும் குற்றவாளியே. ஓராண்டுச் சிறைவரை உண்டு. எண்ணிக்கைக்குப் பின் அதே ஆள் சாவடிக் கணக்கைத் தேநீர்க் கடையில் உரக்கப் படித்து, "மீதி முந்நூறு எங்கே போயிற்று?" என்று கேட்டதையும் யான் நேரில் பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளர் எவராயினும் ஒன்று கேட்கவிருக்கின்றேன். சாவடிகளைக் கலந்தெண்ண உம் கட்சி இசையுமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லும்; பிறகு பேசுவோம் என்பேன். தோழர்களும் தத்தம் ஊரில் கேட்கலாம். வாக்களியாத தோழர்க்கும் இவ்வினா உரியதே. அவர் வாராமையும் அச்சாவடிக் கணக்கில்தானே தெரிகின்றது!

மூதாட்டியின் உறை அவர்வீட்டு அரிசிப் பானைக்கடியில் பிரிக்கப்படாமலே இருக்கின்றது. "இதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது, தம்பி?" என்று என்னைக் காணுந்தோறும் கேட்கின்றார்.