வெல்ல உருண்டையும் விற்பனைப் பக்கமும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி அமைந்துள்ள வடகரப்பதிப் பகுதியில் கடை நடத்துபவர் இரண்டு மொழிகளில் விலை சொல்லப் பழகியவர். வேலந்தாவளம் வழியாக வருபவரிடம் தமிழில் பேசுவார். சித்தூரிலிருந்து வருபவரிடம் மலையாளத்தில் பேசுவார். பொருளைக் கையில் எடுத்துக் கொடுப்பார், ஒரு துணுக்கைச் சுவைத்துப் பார்க்கச் சொல்வார், கேட்ட கேள்விக்கு விடையளிப்பார். விற்பனையின் பெரும்பகுதி இந்தப் பேச்சில்தான் நடைபெறுகிறது. அவரே இணையத்தில் கடை திறக்கும்போது அந்தப் பேச்சு எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இணையக் கடை அமைப்பது ஒரு காலத்தில் நிரலாளர்களுக்கு மட்டுமே கைவந்த வேலையாக இருந்தது. 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஷாப்பிஃபையும், வேர்ட்பிரஸ் தளங்களுக்கென 2011இல் வந்த வூகாமர்ஸும் அதனைச் சிறு வணிகரின் கைக்கு எட்டச் செய்தன. பின்னர் 2016இல் வெளியான எலிமென்டர் போன்ற வடிவமைப்புக் கருவிகள், ஒரு வரி நிரலும் எழுதாமல் படத்தையும் பொத்தானையும் விரலால் இழுத்து விரும்பிய இடத்தில் வைக்க வழிசெய்தன. ஷாப்பிஃபையில் முகப்புப் பக்கத்துக்கு மட்டும் இருந்த இத்தகைய வசதி 2021இல் பொருள் பக்கங்களுக்கும் விரிந்தது. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் இணைய வணிகச் சேவையிலும் இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் கருவி உண்டு.

இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இந்த எளிமை வேலையின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது என்பது என் கருத்து. ஆயத்த வார்ப்புரு ஒன்றைத் திறந்தவுடன் நம் கண்முன் நிற்பவை வண்ணங்கள், சுழலும் படங்கள், மின்னும் பட்டைகள் ஆகியவையே. வணிகர் இரண்டு வாரம் அவற்றோடு மல்லுக்கட்டுகிறார். பொருளைப் பற்றிய விளக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் கடைசி நாளன்று, “தரமான பொருள், நியாயமான விலை” என்று எழுதி முடிக்கிறார். அந்த நான்கு சொற்களைக் கடைக்கு நேரில் வந்தவரிடம் அவர் ஒருபோதும் விடையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மறையூர் வெல்லத்தை எடுத்துக்கொள்வோம். மறையூரும் காந்தளூரும் இடுக்கி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் உள்ளவை. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகச் செல்லும் சாலையில் மூணாற்றுக்கு முன்பே வருபவை. வடகரப்பதியைப் போலவே தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். அங்கே கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சிக் கையால் உருட்டும் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகரப்பதி வணிகர் ஒருவர் அதனை வாங்கித் தம் இணையக் கடையில் விற்க விரும்புகிறார் என்று கொள்வோம்.

முதலில் படம். இவ்வெல்லம் கரும்பழுப்பு நிறமுடையது. சந்தையில் காணும் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் வெளுப்பு இரசாயனம் சேர்க்கப்பட்டது. கருமைதான் இதன் தகுதி. ஆனால் வார்ப்புருவின் வெண்ணிறப் பின்னணியில் கரிய உருண்டை எடுப்பாகத் தோன்றுவதில்லை. எனவே வணிகர் படத்தின் ஒளியைக் கூட்டுகிறார், நிறத்தைச் சற்று மஞ்சளாக்குகிறார். வாங்கியவர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது திரையில் கண்டது வேறு, கையில் வந்தது வேறு. நல்ல பொருளே கெட்டுப்போன பொருளாகத் தோன்றுகிறது. திருப்பி அனுப்பும் செலவு, திருப்பித் தர வேண்டிய பணம், கீழே பதிவாகும் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு எல்லாம் அந்த ஒளிக்கூட்டலின் விலை. பகல் வெளிச்சத்தில், உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் ஒன்று போதும். நிறமும் தெரியும், அளவும் தெரியும். கூடவே, “கருமை இதன் இயல்பான நிறம், வெளுப்பு இரசாயனம் எதுவும் சேர்க்கப்படவில்லை” என்ற வரியை, அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், படத்துக்கு நேர்கீழே வைக்கலாம்.

அடுத்தது பெயர். மலையாளத்தில் சர்க்கரா என்றால் வெல்லம். வெள்ளைச் சர்க்கரைக்கு அங்கே பஞ்சசாரா என்று பெயர். மலையாளப் பக்கத்தை அப்படியே தமிழ் எழுத்துக்கு மாற்றி “மறையூர் சர்க்கரை” என்று தலைப்பிட்டால், ஈரோட்டிலோ மதுரையிலோ இருந்து பார்ப்பவர் வேறொரு பொருளை நினைத்துக்கொள்வார். தானியங்கி மொழிபெயர்ப்புக்கு இந்த வேறுபாடு பிடிபடும் என்று நம்பிவிட முடியாது. எல்லைப்புறத்தில் வாழ்பவருக்கோ இது சிறுவயது முதல் தெரிந்த செய்தி. விலைகொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் தராத இந்த அறிவைப் பக்கத்தில் பயன்படுத்தாமல் விடுவது எத்தகைய வீண்! தமிழ்ப் பக்கத்தில் “மறையூர் வெல்லம்” என்றும், மலையாளப் பக்கத்தில் அவர்கள் வழக்கப்படியும் தனித்தனியே எழுதுவதே முறை.

மறையூர் என்ற பெயரைச் சொல்வதிலும் பொறுப்பு உண்டு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பிற இடத்துப் பொருளுக்கு அப்பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்பது சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். வார்ப்புருக்களோடு வரும் “ஆர்கானிக்” என்ற பச்சை முத்திரைக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும். அச்சொல்லை உணவுப் பொருளின்மீது இடுவதற்குத் தனி விதிமுறைகள் 2017 முதல் உள்ளன. அழகாக இருக்கிறதே என்று அதனை இழுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவது, சான்றிதழ் இல்லாமல் சான்று சொல்வதாக முடியும்.

கையால் உருட்டிய இரண்டு உருண்டைகள் ஒரே எடையில் அமைவதில்லை. ஆகவே எண்ணிக்கையை விட எடையைச் சொல்வதே பொருத்தம். சட்டமும் அதையே கேட்கிறது. பொட்டலமிட்ட பொருள்களுக்கான எடையளவு விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1.1.2018 முதல் நிகர எடை, வரிகள் உள்ளடங்கிய அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு ஆகியவை பொட்டலத்தின்மீது இருந்தால் மட்டும் போதாது, விற்பனைப் பக்கத்திலும் தோன்றவேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் சேர்த்துக்கொள்வது நன்று. மழைக்காலத்தில் வெல்லம் ஈரம் இழுத்துக் கசியும் என்பதையும், காற்றுப் புகாத கலத்தில் வைக்கவேண்டும் என்பதையும் எந்தச் சட்டமும் எழுதச் சொல்லவில்லை. கடைக்காரர் தாமாகச் சொல்வார். பக்கமும் சொல்லட்டும்.

இங்கே தொழில்நுட்பம் சார்ந்த ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புதிதாகக் கருவியைக் கையாள்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கத்தைத் தனித்தனியே வரைகிறார். வெல்லத்துக்கு ஒன்று, நிலக்கடலைக்கு ஒன்று, தேங்காய் எண்ணெய்க்கு ஒன்று என நாற்பது பக்கங்கள் ஆகின்றன. அடுத்த ஆண்டு உரிம எண்ணோ முகவரியோ மாறினால் நாற்பது இடங்களில் திருத்தவேண்டும். முப்பத்தேழில் திருத்தி மூன்றை மறந்துவிடுவார். அந்த மூன்றில் ஒன்றைத்தான் புகார்தாரர் திரைப்படம் எடுத்து வைத்திருப்பார். பொருள் பக்கத்துக்கென ஒரே வார்ப்புருவை அமைத்து, எடை, விலை, தயாரிப்பாளர், பயன்படுத்தும் காலம் போன்றவற்றுக்குத் தனித்தனிப் புலங்களை வகுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பொருளின் பதிவிலிருந்தும் அந்தந்தத் தகவல் தானாக வந்து பொருந்தும். எல்லாப் பொருளுக்கும் பொதுவான செய்தி ஒரே இடத்தில் இருக்கும். உணவுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என இரண்டு மூன்று வார்ப்புருக்களுக்கு மேல் ஒரு சிறுகடைக்குத் தேவைப்படாது. இந்த வசதி மேற்சொன்ன கருவிகளில் ஏதேனும் ஒரு வகையில் உண்டு. அதைப் பயன்படுத்தக் காட்டும் பொறுமைதான் அரிது.

இனி, வார்ப்புருவோடு இலவசமாக வரும் தந்திரங்களைப் பற்றி. “சலுகை முடிய இன்னும் 9 நிமிடம்” என்று ஓடும் கடிகாரம், “இரண்டே எஞ்சியுள்ளன” என்ற சிவப்பு எழுத்து, “இப்போது 18 பேர் இதனைப் பார்க்கிறார்கள்” என்ற மிதக்கும் அறிவிப்பு. பக்கத்தை மறுபடி திறந்தால் கடிகாரம் மீண்டும் ஒன்பதிலிருந்து ஓடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 30.11.2023 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. பொய்யான அவசரம், கேளாமல் கூடையில் பொருள் சேர்த்தல், கட்டணங்களை மறைத்துக் கடைசித் திரையில் வெளிப்படுத்துதல் ஆகியவை அவற்றில் அடங்கும். தவறு வார்ப்புரு விற்றவருடையது என்று கடைக்காரர் கைகாட்டித் தப்பமுடியாது. கடையின் பெயர் அவருடையது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நேரில் வந்த ஒருவரிடம், பின்னறையில் நான்கு மூட்டை வெல்லம் இருக்கும்போது, “இரண்டே உருண்டைதான் இருக்கிறது” என்று அவர் சொல்வாரா?

அனுப்பும் செலவை மறைப்பது எல்லைப்புறத்தில் கூடுதல் சிக்கல் தரும். வடகரப்பதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூருக்கு அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. வரிக்குரிய சரக்கை அவ்வாறு விற்பவர், விற்றுமுதல் சிறிதாயினும், பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பெற்றிருக்கவேண்டும். 2017இல் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வரிக்காக நின்ற வரிசைகள் மறைந்தன. எல்லைக்கோடு கணக்கேட்டில் இன்னும் இருக்கிறது. கடை திறக்குமுன் இதனைக் கணக்காயரிடம் கேட்டுத் தெளிவது நலம். பக்கத்தில் செய்யவேண்டியது எளிது: விலைக்கு அருகிலேயே அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்கும் சிறு கட்டத்தை வைத்து, அனுப்பும் செலவையும் நாளையும் அங்கேயே காட்டிவிடலாம்.

வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்டவை. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அமைப்பு ஆங்கிலத் தலைப்புக்கு மிடுக்கைத் தரும். தமிழிலோ கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். வரி உயரம் போதாவிட்டால் விசிறியும் சுழியும் வெட்டுப்படும். சிறு பொத்தானுக்குள் நீண்ட தமிழ்ச்சொல் அடங்காமல் உடைந்துவிடும். இடைவெளியைச் சுழியமாக்கி, வரி உயரத்தைக் கூட்டி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற முறையான எழுத்துருவைத் தேர்ந்தால் இவற்றில் பெரும்பாலானவை தீரும். மேசைக்கணினியில் வடிவமைத்தாலும், கைப்பேசித் தோற்றத்தில் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் பல மெகாபைட் எடையிருக்கும். அதனைச் சுருக்காமல் ஏற்றினால், வலைத்தொடர்பு மெலிந்த ஊர்களில் பக்கம் திறக்குமுன் வாடிக்கையாளர் போய்விடுவார். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றவேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல்.

அழகு விற்பனைக்கு உதவாதா என்று கேட்பவர் உண்டு. உதவும். படம், பெயர், விலை, வாங்கும் பொத்தான் என்ற வரிசை வாங்குவோர் கண்ணுக்குப் பழகிப்போனது. அதை மாற்றிப் புதுமை செய்ய நான் சொல்லமாட்டேன். அளவான வெற்றிடமும் தெளிவான எழுத்தும் நம்பிக்கை தருவதும் மெய்தான். ஆனால் அவற்றைக் கருவியே ஏறத்தாழச் சரியாகத் தந்துவிடுகிறது. வணிகரின் உழைப்பு தேவைப்படும் இடம் வேறு.

பணம் பெறும் இடத்தில் மட்டும் கைவண்ணம் காட்டாதிருப்பது நல்லது. விண்ணப்பப் படிவத்தைக் கருவியில் நொடியில் உருவாக்கலாம் என்பதால், அட்டை எண் கேட்கும் கட்டத்தைத் தாமே வரைந்துவிடக் கூடாது. அட்டை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறெவரும் அட்டை விவரங்களைச் சேமித்து வைக்கலாகாது என்ற இந்திய ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு 1.10.2022 முதல் நடைமுறையில் உள்ளது. அனுமதி பெற்ற பணப்பரிவர்த்தனை நிறுவனத்தின் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே பாதுகாப்பு. புகார் தொடர்பையோ மறைக்கலாகாது: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன.

பக்கம் அமைந்தபின், வெளியிடுமுன், வீட்டிலோ தெருவிலோ அப்பொருளை அறியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் அருகில் அமர்ந்திருங்கள். அவர் வாய்திறந்து கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?” என்பதோ, “உடைந்து வந்தால் என்ன செய்வது?” என்பதோ, எதுவாயினும், அதன் விடையை விலைக்கு அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள். வடகரப்பதியில் இதனை இருமுறை செய்யவேண்டும்: தமிழ் படிப்பவரிடம் ஒருமுறை, மலையாளம் படிப்பவரிடம் ஒருமுறை. இருவரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.