வரைபடத்தில் இரண்டு சுடுகாடுகள்

சென்னையில் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்யும் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தாங்கள் தரவுகளைக் கொண்டு செய்து பார்த்தவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். சம்பளத்துக்காக அல்ல, ஆர்வத்துக்காக. அப்படி ஒரு கூட்டத்துக்கு அண்மையில் போயிருந்தேன். புறநகர் ரயில்கள் எந்தெந்த நிலையத்தில் எவ்வளவு தாமதமாகின்றன என்பதை ஒருவர் வண்ணக் கோடுகளாக வரைந்திருந்தார். இன்னொருவர் தன் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்த நாட்களைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்து, அதைப் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டிருந்தார். மூன்றாவதாக வந்த இளைஞர் தன் சொந்த மாவட்டத்துக் கிராமங்களைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சுடுகாடு என ஒவ்வொன்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அவரே குறித்திருந்தார். பொறுமையும் நேர்த்தியும் கொண்ட வேலை. ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு சுடுகாடுகள் இருந்தன.

ஏன் இரண்டு என்று கேட்டேன். "ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணுங்க" என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல். கூட்டத்தை நடத்தியவர் உடனே குறுக்கிட்டார். "நாங்க இங்க சாதி பேசறதில்லை. அது சென்சிட்டிவ் டேட்டா." அடுத்த ஆள் மடிக்கணினியோடு முன்னால் வந்துவிட்டார்.

அந்த ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் சொன்ன 'சென்சிட்டிவ்' என்ற சொல்லை நான் இரண்டு நாட்களாக மென்றுகொண்டிருந்தேன். இந்நகரின் தொழில்நுட்பத் துறைக்குச் சாதி உண்மையிலேயே தொடக்கூடாத தரவா? திருமணத் தகவல் இணையதளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். சாதி, உட்பிரிவு, கோத்திரம், குலதெய்வம் என்று அடுக்கடுக்காகத் தேர்வுப் பட்டியல்கள். எந்த உட்பிரிவு எந்தச் சாதிக்குள் வரும், ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள், எந்தப் பிரிவினர் எந்தப் பிரிவில் பெண் எடுப்பார்கள் என்பதையெல்லாம் துல்லியமாகக் கட்டமைத்து வைத்திருக்கிறார்கள். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார். நூறாண்டு கழித்து அந்த உயிர்நாடிக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். 'எஸ்.சி., எஸ்.டி. தவிர' என்பது நாளிதழ் விளம்பரத்தில் ஒரு வரியாக இருந்தது, இப்போது தேடல் வடிகட்டியாகிவிட்டது. கல்யாணத்துக்குக் கேட்டால் அது வசதி, சுடுகாட்டுக்குக் கேட்டால் அது சென்சிட்டிவ்.

அரசும் இதே சொல்லை வேறு மொழியில் சொல்லி வந்திருக்கிறது. எல்லாச் சாதிகளின் தொகையையும் வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் சாதி கேட்கப்பட்டது, ஆனால் அந்த எண்கள் வெளிவரவே இல்லை. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு காரணம் சொன்னது: 1931இல் 4,147 சாதிகள் இருந்தன, 2011இல் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்துவிட்டன, தரவு பிழைகள் நிறைந்தது, பயன்படுத்த முடியாது. அன்று கூட்டத்தில் இருந்த எந்த நிரலாளரிடமும் இதைச் சொன்னால் சிரித்திருப்பார். பட்டியல் தராமல் ஆளுக்கு ஒரு விதமாக எழுதவிட்டால் வேறென்ன வரும்? சாதிப் பெயர், பட்டப்பெயர், கோத்திரம், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாக எண்ணப்பட்டிருக்கும். சிதறிய பெயர்களை ஒன்று சேர்ப்பது தரவு வேலை செய்கிறவர்களின் அன்றாடச் சோறு. பீகார் அரசு அந்தத் தொல்லையே வராதபடி ஒவ்வொரு சாதிக்கும் முன்கூட்டியே ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போனது. 2023 அக்டோபர் 2 அன்று முடிவு வெளியானது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 27.12, பட்டியல் சாதியினர் 19.65. பதின்மூன்று கோடிப் பேரை எண்ண அவர்களால் முடிந்திருக்கிறது.

தரவைப் புதுமையாகக் கையாள்வது ஏதோ நேற்றுப் பிறந்த வித்தை என்றும், அதை நம் பிள்ளைகளுக்கு மென்பொருள் நிறுவனங்கள்தான் கற்றுத்தர வேண்டும் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அது எரிச்சலூட்டும். குடிக்கணக்கில் தம் மக்கள் எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்பதை ஒரு அரசியல் போராட்டமாக்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். 'சாதி பேதமற்ற திராவிடர்' என்பது அவர் கணக்கெடுப்புப் படிவத்தின் ஒரு கட்டத்துக்காகக் கண்டெடுத்த விடை. 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையின் வலுவே அதிலிருந்த எண்கள்தான். 1912இல் சென்னை மாகாணத்தின் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர் என்ற ஒரு வரி செய்த வேலையை நூறு மேடைப் பேச்சுகள் செய்திருக்காது. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று கேட்டு அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில், 1937 தேர்தலில் தனித்தொகுதிகளில் யாருக்கு யார் வாக்களித்தார்கள் என்பதை அட்டவணை அட்டவணையாகப் பிரித்துக் காட்டுகிறார். கடலுக்கு அப்பால், 1900 பாரிஸ் கண்காட்சிக்கு டுபாய்ஸ் தன் அட்லாண்டா மாணவர்களோடு சேர்ந்து ஏறக்குறைய அறுபது வரைபடங்களைக் கையாலேயே வரைந்து அனுப்பினார். கருப்பின மக்களின் நிலவுடைமை, கல்வி, தொழில் எல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, சுருள் சுருளாக. இன்றைய தரவுக் காட்சிப்படுத்தல் வகுப்புகளில் அவை பாடம்.

நம் காலத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த தரவுப் பணி எது என்று கேட்டால், மலக்குழி மரணங்களின் பட்டியலைச் சொல்வேன். பெயர், ஊர், தேதி, யார் இறக்கிவிட்டது, இழப்பீடு கிடைத்ததா. இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. சஃபாய் கர்மசாரி அந்தோலன் தோழர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய ஆவணங்களின் பின்பலத்தில்தான் 2014 மார்ச் 27 தீர்ப்பு வந்தது. 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023இல் அதே நீதிமன்றம் தொகையை 30 லட்சமாக்கியது. 2014 தீர்ப்புக்குப் பிறகும், 2021இல், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதில் சொல்ல முடிந்தது. எப்படி? கையால் மலம் அள்ளுவது ஒரு கட்டம், கழிவுநீர்க் குழாயை 'அபாயகரமாகச் சுத்தம் செய்வது' வேறொரு கட்டம். சாவுகளை இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்தினால் முதல் கட்டத்தில் பூஜ்ஜியம் வந்துவிடும். அரசுத் தரப்பிலும் படைப்பாற்றலுக்குக் குறைவில்லை. அதே அரசின் நமஸ்தே திட்டம் கழிவுநீர்த் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரங்களைப் பதிந்தபோது 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இது தொழில்சார்ந்த பிரச்சினை, சாதிசார்ந்தது அல்ல என்று வாதிடுகிறவர்கள் இந்த எண்ணுக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

சரி, சுடுகாட்டுக்கு வருவோம். 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வட இந்தியாவில் குடும்பப் பெயரை வைத்துச் சாதியை ஊகிப்பார்கள். நாம் தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொண்டதால் இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. சாதி என்ற கட்டமே இல்லாத ஒரு தரவுத்தளத்தில்கூட, முகவரிக் கட்டத்தில் 'காலனி' இருந்தால் போதும். கடன் கொடுக்கலாமா என்று கணிக்கும் ஒரு நிரல் அந்தச் சொல்லிலிருந்து தானாகவே பாடம் கற்றுக்கொள்ள முடியும். யாரும் அதற்குச் சாதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சொல்லை வரைபடத்திலிருந்து நீக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நம் தொழில்நுட்ப நண்பர்கள் மூளையைச் செலவிட வேண்டிய இடம். பெயரை மாற்ற ஓர் இரவு போதும். ஊருக்கும் அந்தக் குடியிருப்புக்கும் இடையிலுள்ள ஓடை, தனித் தொட்டி, தனிச் சுடுகாடு எதுவும் அந்த இரவில் மாறப்போவதில்லை. நாளைக்கு ஒருவர், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளுக்குத் தார்ச்சாலை வந்ததா, பேருந்து நிற்கிறதா என்று கணக்குப் பார்க்க நினைத்தால், எந்தக் குடியிருப்பு எது என்று கண்டுபிடிக்கும் கடைசித் தடயமும் போயிருக்கும். இழிவும் போகும், சான்றும் போகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய பெயரைத் தனியாகச் சேமிக்க ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதில் போட்டால் தேடுகிறவர் எவருக்கும் கிடைக்கும், உணவு கொண்டுவரும் செயலியிலும் பழைய இழிவு திரும்ப எட்டிப் பார்க்கலாம். என் கருத்து: பழைய பெயர்ப் பட்டியலை மாற்றிய தேதியோடு தனியே ஆவணப்படுத்த வேண்டும், பொது வரைபடத்தில் புதுப் பெயர் மட்டும் இருக்க வேண்டும், அந்த ஆவணத்தைத் திறக்கும் சாவி அந்தந்த மக்களின் அமைப்புகளிடம் இருக்க வேண்டும். இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. யார் அந்த அமைப்பு என்பதே அடுத்த சண்டையாகும். நடக்கட்டும், நல்ல சண்டைதான்.

சாவி யார் கையில் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் 'கைரேகைச் சட்டம்' என்றுதான் அழைத்தார்கள். அதுவும் ஒரு தரவுத் திட்டம். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். 2015 வெள்ளத்தின்போது சென்னையின் தொழில்நுட்ப இளைஞர்கள் திறந்த வரைபடத்தில் மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்க வழி செய்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. பெருமைப்பட வேண்டிய வேலை. வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரக் குடிசைகள் 'ஆக்கிரமிப்பு' என்ற பட்டியலில் ஏறின. மக்கள் பெரும்பாக்கத்துக்கு அள்ளிச் செல்லப்பட்டார்கள். அங்கிருந்து பழைய வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு நேரம், எத்தனை பேருந்து என்ற கணக்கைக் களப்பணியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தோடு யாரும் அதை வரைந்து நான் பார்க்கவில்லை.

இப்போது இது அவசரமாகவும் ஆகிவிட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கைப்பேசிச் செயலி வழியாக எடுக்கப் போகிறார்கள். அந்தச் செயலியின் சாதிப் பட்டியலை யார் எழுதுவார்கள்? தமிழ்நாட்டுக்கான பட்டியல் சாதிகளின் அட்டவணையில் 'ஆதி திராவிடர்' என்று ஒரு பதிவு, 'பறையர்' என்று இன்னொரு பதிவு. 'ஆதி திராவிடர்' என்ற பெயர் எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசை ஏற்கவைத்து வாங்கிய மானம். அதே பெயரில் அருந்ததியர் பலரும் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள் என்பதும், அதனால் தங்கள் தொகை குறைந்து தெரிகிறது என்பதும் அருந்ததியர் அமைப்புகளின் நெடுநாள் முறையீடு. 2009இல் வந்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் கணக்கே இதில் தொங்குகிறது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் தரவைத்தான் கேட்கிறது. ஏழு சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்று 2021இல் சட்டம் ஒன்றாக்கியது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர் எந்தப் பெயரைச் சொல்வார், கணக்கெடுக்க வரும் ஆசிரியர் எதை அழுத்துவார்? ஒரு பெயர் எத்தனை பெயர்களாகச் சொல்லப்படும் என்ற ஒத்தசொல் பட்டியலை இப்போதே, தமிழில், வட்டார வழக்கோடு தயாரித்து வெளியில் வைக்கலாம். திருமணத் தளங்களுக்கு அதைச் செய்து கொடுத்த கைகள் நம் ஊரில் உண்டு. விழுப்புரம் போன்ற ஊர்களில் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத் தம் தெருவின் பெயர்கள் தெரியும், நகரத்துக் கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அந்த இளைஞர் பிறகு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு சுடுகாடுகளுக்கும் போகும் பாதைகளை வரைய முயன்றாராம். ஊர்ச் சுடுகாட்டுக்குச் சிமெண்டுச் சாலை, படத்தில் பளிச்சென்று தெரிகிறது. காலனிச் சுடுகாட்டுக்கு எங்கேயும் பாதை தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பாடை தூக்கிப் பழகிய பெரியவர் ஒருவரோடு கைப்பேசியில் தடத்தைப் பதிந்தபடி நடந்திருக்கிறார். பட்டா நிலத்தின் வரப்பு, அப்புறம் வாய்க்கால், அப்புறம் முள்வேலி. தடம் வேலியில் போய் முட்டி, சுற்றிக்கொண்டு, மறுபக்கம் ஏறுகிறது. வரைபடத்தில் இருக்கும் ஒன்றைக் குறிக்கத்தான் குறியீடுகள் உண்டாம். "இல்லாத பாதையை எப்படித் தோழர் குறிக்கிறது?" என்று கேட்டார். அந்தத் தடத்தை அப்படியே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கு எழுதும் மனுவோடு இணைக்கலாம்.