பத்து ரூபாயும் பலகைகளும்

தோழனே!

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை இரயிலிலே ஏறினால், அடுத்த நிலையமே வெலிங்டன். பாசறையின் ஒழுங்கு தெரியும் ஊர். சாலையோரமெல்லாம் அறிவுரைப் பலகைகள்: மலையைக் காப்பீர், குப்பை எறியாதீர்! "ஏழைக்கு எங்கே தெரியும் இயற்கையின் அருமை?" என்று, அந்தப் பலகையின் நிழலிலேயே நின்று உதடு பிதுக்கும் உல்லாசப் பயணிகளை நீயும் கண்டிருப்பாய். அந்த ஏளனத்துக்கு விடை தந்தது எந்த மேடைப் பேச்சாளனுமல்ல. ஒரு காலிப் புட்டி!

நகைக்காதே. டாஸ்மாக் கடையிலே விற்ற மதுப்புட்டிகள் காட்டிலும் ஓடையிலும் தேயிலைச் சரிவிலும் உடைந்து கிடந்த காலம் உண்டு. யானையின் பாதத்தைக் கிழித்தன. கொழுந்து பறிக்கச் செல்வோரின் காலுக்கும் கத்திகளாயின. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அதன் ஆணைப்படி 2022 மே மாதம் நீலகிரியிலே புதிய ஏற்பாடு புகுந்தது: புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலிப் புட்டி திரும்பினால், காசும் திரும்புவது.

விளைவு? நேற்றுவரை எறிந்த கை, இன்று எடுத்து வந்தது. ஒருவன் வீசிச் சென்றாலும், பின்னால் வந்தவன் பொறுக்கி வந்தான். விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி கடைக்கே திரும்பிற்று. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று.

நாடகம் எழுதுபவன் நான். ஒரே காட்சியிலே பாத்திரத்தின் குணத்தை மாற்றினால், பார்ப்போர் நம்பமாட்டார் என்பதறிவேன். இங்கே மாறியது மேடையமைப்பு. பாத்திரம் அதே உழைப்பாளிதான். பலகை அவனிடம் தியாகம் கேட்டது. பத்து ரூபாயோ, நாட்கூலியிலே அவன் கொடுத்ததைத் திருப்பித் தந்தது.

"காசுக்காகத்தானே!" என்பர் கனவான்கள். ஜெர்மனியிலே 2003 முதல், ஒருமுறை பயன்படும் புட்டிகளுக்கு முன்பணம் வாங்குகிறார்கள். இன்று 25 சென்ட். அங்கே அது நாகரிகம்; நம் கூலிக்காரன் செய்தால் மட்டும் பேராசையோ? பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை நீலகிரியிலே தடுத்தபோதும், சாலையோரத்திலே குடிநீர் இயந்திரங்களை வைத்தார்கள். தாகத்துக்கு வழி செய்யாமல் தடை மட்டும் போட்டிருந்தால், வழிப்போக்கன் என்ன செய்வான்?

(மது விற்கலாமா என்பது வேறு வழக்கு. இன்னொரு ஞாயிறு அதற்கு.)

இந்தக் கதையிலே இன்னொரு உழைப்பாளியும் உண்டு: கடை ஊழியன். சீட்டு ஒட்டுபவன் அவன். புட்டியை வாங்கி, எண்ணி, அடுக்கி, நாற்றத்தின் நடுவே நிற்பவன் அவன். கூடுதல் ஆளின்றி, இடமின்றி, இந்தச் சுமையை எங்கள் தலையிலே ஏற்றினார்கள் என்று ஊழியர்கள் முறையிட்டிருக்கிறார்கள். வாங்கியவனுக்குப் பத்து ரூபாய் திரும்பிற்று. இவனுடைய கூடுதல் உழைப்புக்கு என்ன திரும்பிற்று? மலையைக் காப்பாற்றும் கணக்கிலே இவன் கூலி ஏன் விடுபடவேண்டும்?

வெலிங்டன், அருவங்காடு, குன்னூர்த் தோழர்களே! இவ்வாரம் உங்கள் ஊர்க் கடைக்குச் செல்லுங்கள். புட்டி வைக்க இடம் உண்டா, ஆள் உண்டா, கூடுதல் வேலைக்குக் கூலி உண்டா என்று அந்த ஊழியரிடமே கேட்டு எழுதுங்கள்.