பாட்டின் மேல்வாரம் யாருக்கு?

உலகத்துப் புதுப் பாட்டுக்கள் இந்நாளில் யூடியூப் வழியாகக் காட்சியோடு கூடி வெளியாகி, ஒரே பொழுதில் டொராண்டோவிலும் திருவாரூரிலும் கேட்கப்படுகின்றன. 2021 மார்ச்சு மாதத்தில் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவர் பெயரால் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை நம் நேயர்கள் அறிவார்கள். சினிமாவைச் சாராத அத்தமிழ்ப் பாட்டு 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது.

நிலத்தைத் திருத்தியவன் நிலமில்லாது நிற்பதே அதன் பொருள். அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வெறுங்கையுடன் திரும்பியவர். 'சாமி' என்பது பண்ணையாள் ஆண்டையை விளிக்கும் சொல். பாட்டி பேரனைக் கொஞ்சும் சொல்லும் அதுவே. காவேரிக் கரையார்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென 1952-ல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்த ஜில்லா தஞ்சாவூர். அதன் பின்னும், 1968-ல் கூலி நெல் தகராறு முற்றிக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின.

அத்தகைய பாட்டுக்கே அக்கதி நேர்ந்ததென்னும் புகார்தான் விசித்திரம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவைக் காணோம். கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே பாட்டு அரங்கேறிற்று. அவர் அமெரிக்காவில் இருந்தார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். பாட்டை ஆக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்று வாதமும் மூண்டது. 2024 மார்ச்சிலோ, மூவருக்கும் ஒரு காசும் வரவில்லையென்று சந்தோஷ் நாராயணனே, பாட்டை வெளியிட்ட 'மாஜா' நிறுவனத்தின்மீது பகிரங்கமாகக் குறை கூறினார். ஒப்பந்தத்தை நிறுத்துப் பார்ப்பது நியாயஸ்தலத்தின் வேலை. அதில் நாம் தலையிடோம்.

சட்டம் இல்லாமலில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 2012-ல் செய்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பாத்தியதையை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்கிறது. குடிவாரம் உண்டென்று சாசனம் சொல்லுகிறது; ஆனால் களத்தில் மரக்கால் பிடிப்பவர் யார்? எண்ணிக்கையும் வரவும் நிறுவனத்தாரின் கணக்கில் அல்லவா இருக்கின்றன!

அமெரிக்காவின் டெய்லர் ஸ்விஃப்ட் அம்மையார், தம் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகள் 2019-ல் கைமாறியபோது, பழைய பாட்டுக்களையே 2021 முதல் மறுபடியும் பாடி வெளியிட்டார். 2025-ல் மூலப்பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். நிலத்தையே வாங்கத் திராணியுள்ளவர்க்கு அது கூடும். ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடிவந்த நம் சேரிப் பிள்ளைகளுக்குக் கூடுமா?

எந்நாட்டில் எத்தனை தடவை கேட்கப்பட்டது, வரவு எவ்வளவு என்ற கணக்கை மாதந்தோறும் பாட்டை ஆக்கியவர் கையில் கொடுக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விதி ஒன்று வேண்டும். தஞ்சையிலிருந்தும் நாகையிலிருந்தும் பார்லிமெண்டு சென்றிருக்கும் அங்கத்தினர்கள் இதனை அங்கே கிளப்புவார்களாக.