பகல் மின்சாரம் வயலுக்கு, இரவு மின்சாரம் நகருக்கு

சென்னை மாநகரின் மின் அமைப்பைப் புதுப்பிக்கிறார்கள் என்ற செய்தி வந்தால், உழவர் பெருமக்களில் பலர் "அது பட்டணத்துக்காரர் விவகாரம்" என்று பக்கத்தைத் திருப்பி விடுகிறார்கள். அது சரியன்று. நம் கிணற்று மோட்டாரும் மாநகரத்து ஏ.சி.யும் ஒரே மின் தொகுப்பிலிருந்துதான் ஓடுகின்றன. அங்கே செய்யும் ஏற்பாடு இங்கே நம் நீர்ப்பாய்ச்சலைப் பாதிக்கும். ஆகவே அந்த ஏற்பாட்டில் நம் பங்கு என்ன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தமிழகத்தின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அந்தக் கோடையில் சென்னை மாநகருக்கு மட்டும் 4,500 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்பட்டது. இது எவ்வளவு என்று நம் கணக்கில் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடும்போது ஏறக்குறைய நாலரை கிலோவாட் இழுக்கிறது. அப்படி 10 லட்சம் மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஓடினால் 4,500 மெகாவாட். அதாவது ஒரு மாநகரத்தின் தேவை. தமிழகத்தில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல் உள்ளன. மாநிலத்தின் மின் கணக்கில் உழவரும் பெரிய கைதான் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நகரத்தில் நடப்பது என்ன?

சென்னையில் மேலே தொங்கும் கம்பிகளை மாற்றிப் பூமிக்கடியில் கேபிள் பதிக்கிறார்கள். இடம் கிடைக்காத பகுதிகளில், சிறிய இடத்திலேயே அடங்கும் வாயுக் காப்பு முறைத் துணை மின் நிலையங்களை அமைக்கிறார்கள். தெருவோரம் காணப்படும் இரும்புப் பெட்டிகள் வளையச் சுற்று முறைக்கானவை. ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்கால்களிலிருந்து நீர் வர வழி செய்துவிட்டால், ஒன்றில் உடைப்பு ஏற்பட்டாலும் அந்த மதகை அடைத்துவிட்டு மற்றதன் வழியே பாய்ச்சலாம் அல்லவா? இதுவும் அதே முறைதான். பழுதான பகுதியை மட்டும் பிரித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கு மறுபக்கத்திலிருந்து மின்சாரம் தருகிறார்கள்.

இவை வேண்டாத செலவு அல்ல. மருத்துவமனையும் குடிநீர் நிலையமும் தொழிற்சாலையும் தடையின்றி இயங்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் வேலை பார்ப்பதும் அங்கேதான். எனவே நகரத்தின் மின் அமைப்பைப் புதுப்பிப்பதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. தலைமடையைச் சீர்செய்து கடைமடையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதே நம் வாதம்.

கடைமடையின் நிலை

கிராமத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்ட தூரம் தாழ்வழுத்தக் கம்பி இழுத்து, அதில் பல பம்புசெட்டுகளை இணைத்திருக்கிறார்கள். கம்பி நீள நீள வோல்டேஜ் குறைகிறது. 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வோல்ட் வந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். சுமையைத் தாங்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடேறும், காயில் எரியும். இதில் முதலில் அடிபடுபவர் சிறு விவசாயிதான். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பவரின் முறையன்று வோல்டேஜ் குறைந்தால், அடுத்த முறை வரும் வரை பயிர் வாடும். வசதி உள்ளவர் பெரிய மோட்டார் போடுகிறார், இல்லையேல் டீசல் என்ஜின் வைத்துக்கொள்கிறார். ஓர் ஏக்கர்காரருக்கு அந்த வழி இல்லை.

இரண்டாவது தொல்லை இரவு மின்சாரம். பகலில் 6 மணி, இரவில் 3 மணி என்று மும்முனை மின்சாரத்தைப் பிரித்து வழங்கும் முறை பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடப்பவருக்குப் பாம்பும் உண்டு, பன்றியும் உண்டு. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடும் ஆபத்தும் உண்டு. அதற்கு அஞ்சி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு வீட்டில் படுத்தால், மடை மாற்ற ஆளில்லாமல் ஒரே வயலில் நீர் தேங்குகிறது. போட்ட யூரியாவின் தழைச்சத்தும் அந்த நீரோடு கரைந்து போகிறது. மின்சாரம், நீர், உரம் மூன்றும் ஒரே இரவில் வீணாகின்றன.

இருவருக்கும் பொருந்தும் வழி

இங்கேதான் நகரத்தின் தேவையும் நம் தேவையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. தமிழகத்தில் சூரிய மின் உற்பத்தித் திறன் 10,000 மெகாவாட் அளவுக்கு வளர்ந்துள்ளது. அது பகலில் மட்டுமே கிடைப்பது. வெயிலும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் சில நாட்களில், உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் நகரத்தில் விளக்கும் ஏ.சி.யும் ஓடத் தொடங்குகின்றன. மின் தொகுப்புக்கு உண்மையான நெருக்கடி அப்போதுதான்.

வீட்டு விளக்கைப் பகலுக்கு மாற்ற இயலாது. பம்புசெட்டை மாற்ற இயலும். விவசாயத்துக்கு உரிய மின்சாரம் முழுவதையும் பகலிலேயே, சரியான வோல்டேஜில், அறிவித்த நேரத்தில் கொடுத்துவிட்டால், மாலை 6 மணிக்கு மேல் நாம் மோட்டாரைத் தொட வேண்டிய தேவையே இராது. அந்த அளவு மின்சாரம் நகரத்துக்கு மிஞ்சும். அதற்காக வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்குவதும் குறையும்.

இது புதிய கற்பனை அன்று. குஜராத் மாநிலம் 2003இல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய மின் பாதைகளை வீட்டு மின் பாதைகளிலிருந்து பிரித்தது. 2020இல் பகல் நேர மின்சாரத்துக்கென்றே தனித் திட்டமும் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் 2017 முதல், விவசாய மின் பாதைகளுக்கு அருகிலேயே சூரிய மின் நிலையம் அமைக்கும் திட்டம் நடக்கிறது. மத்திய அரசு 2019இல் தொடங்கிய குசும் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

ஆகவே, மின்வாரியம் என்று நாம் இன்றும் அழைக்கும் மின் பகிர்மானக் கழகத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. விவசாயத்துக்குத் தனி மின் பாதையும் அதில் உறுதியான பகல் மின்சாரமும் வேண்டும். பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுப்பதை விட்டு, 11,000 வோல்ட் பாதையைக் கிணறுகளுக்கு அருகே கொண்டுவந்து சிறிய டிரான்ஸ்பார்மர்கள் வைக்க வேண்டும். நகரச் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கும்போதே இதற்கும் ஒதுக்க வேண்டும்.

"இலவச மின்சாரம் பெறுபவர் தரம் கேட்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது உண்மையே. ஆனால் மோட்டார் காயில் கட்டுவது இலவசமன்று; காய்ந்த பயிரும் இலவசமன்று. 2012இல் கடும் மின்வெட்டு நிலவியபோது சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு. மற்ற மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. அந்தச் சுமையை முணுமுணுத்தபடியே தாங்கியவர்களில் உழவரும் உண்டு. தரமான மின்சாரம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நம் பங்கு

கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. 3 குதிரைத்திறன் மோட்டாருக்கு 1, 5 குதிரைத்திறனுக்கு 2, 7.5 குதிரைத்திறனுக்கு 3 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரை எலெக்ட்ரீசியனைக் கொண்டு பொருத்திக் கொள்ளுங்கள். கம்பியில் வீணாக ஓடும் ஆம்பியர் குறையும். அக்கம்பக்கத்தாருக்கும் வோல்டேஜ் கூடும். மின்சாரம் வந்ததும் எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒரே நொடியில் மோட்டாரைக் கிளப்பினால் வோல்டேஜ் சரிந்துவிடும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் பேசிவைத்து, சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஓடவிடலாம். ஃபுட்வால்வு கசிவைச் சரிசெய்யுங்கள். இயன்றவர்கள் பகலில் தொட்டியில் நீரைத் தேக்கி, சொட்டுநீர்க் குழாய் வழியே பாய்ச்சுங்கள். பகல் முழுதும் மின்சாரம் கிடைக்கிறதே என்று தேவைக்கு மேல் இறைத்தால் கிணறு வற்றும். அதற்குப் பிறகு எந்த மின்சாரமும் உதவாது.

அடுத்து உங்கள் ஊரில் கிராம சபை கூடும்போது, பகல் மின்சாரத்தையும் தனி மின் பாதையையும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். இரவில் நாங்கள் விட்டுக்கொடுக்கும் மின்சாரம் நகரத்துக்கு உதவும் என்பதையும் அதில் எழுதுங்கள். நகரத்துக்கும் நமக்கும் பொதுவான கணக்கு இது. கணக்கைக் காட்டிக் கேட்பவரின் மனுவைத் தள்ளுவது எளிதன்று.