மூணு தடவை மாத்திரை எழுதினேன், காரணத்தை எழுதல

1/ விடியறதுக்கு முன்ன கம்பத்துல ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியா இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற அக்கா ஒருத்தங்க. இந்த வருஷம் மூணாவது தடவையா யூரின் இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாடிக் எழுதிட்டு, "தண்ணி நிறைய குடிங்க"ன்னேன்.

2/ "குடிச்சா எங்க சார் போறது? மலையில கக்கூஸ் ஏது?" நாள் முழுக்க அடக்கிக்கிறாங்க. ஆனா கேஸ் ஷீட்டுல நான் எழுதினது என்39.0, அதாவது சிறுநீர்த் தொற்று. அவ்வளவுதான். தப்பு என்னோடது.

3/ உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் இசட்55 முதல் இசட்65 வரை இதுக்குத்தான் இருக்கு: வறுமை, வீடின்மை, வேலையிடக் கஷ்டம். விவசாய வேலையில் விஷ மருந்து படுறதுக்குத் தனி எண்ணே உண்டு, இசட்57.4. நம்ம காப்பீட்டு பேக்கேஜ்ல சிகிச்சைக்குத்தான் காசு, காரணத்துக்கு இல்ல. அதனால யாரும் எழுதறதில்ல.

4/ "எழுதினா கக்கூஸ் வந்துருமா டாக்டர்?" நியாயமான கேள்வி. காசநோயைப் பாருங்க. அது குணமாக மருந்தோட சத்தான சாப்பாடும் முக்கியம்னு அரசு ஒத்துக்கிச்சு. 2018-லிருந்து பதிவான நோயாளிக்கு மாசம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1000. பதிவுல பேர் இருந்தாத்தான் பணம்.

5/ அமெரிக்காவில் 2023 அக்டோபரிலிருந்து, நோயாளிக்கு வீடில்லைன்னு பதிஞ்சா மெடிகேர் காப்பீட்டில் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் கிடைக்க வழியிருக்கு.

6/ எழுதாத காரணம் எந்தக் கணக்குலயும் வராது. கணக்குல வராததை எஸ்டேட்காரர்கிட்டயும் கேட்க முடியாது, அரசாங்கத்துகிட்டயும் கேட்க முடியாது. அடுத்த தடவை வலியோட சேர்த்து வேலையையும் சொல்லுங்க. "அதையும் எழுதுங்க டாக்டர்"னு கேளுங்க. எழுதலைன்னா எங்ககூட சண்டை போடுங்க.