திரும்பி வந்தவருக்கும் ட்ரயல் வேண்டும்

தேவாரத்தில் நான் காலையில் போகும் டீக்கடையில் வாரம் ஒரு சண்டை நிச்சயம். போன வாரம் மேரி கோம்.

"ஆறு தடவை உலக சாம்பியன் சார்! அவரைப் போய் சின்னப் பிள்ளைகளோடு ட்ரயல் ஆடச் சொல்வதா? நன்றி கெட்ட நாடு" என்றார் என் வயதுக்காரர் ஒருவர். நாலு பேர் தலையாட்டினார்கள். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே முடியாது.

நன்றி என்பது பொன்னாடை, பரிசு, பென்ஷன். அணியில் இடம் என்பது வேறு. 2019-இல் ட்ரயல் வைக்காமலே அவரை உலகப் போட்டிக்கு அனுப்பினார்கள். அதே 51 கிலோ பிரிவில் காத்திருந்த நிகத் ஜரீனுக்கு வாய்ப்பே தரவில்லை. ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கும் அப்படியே என்றதும் அந்தப் பெண் விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். திமிராம்! டிசம்பரில் ட்ரயல் நடந்தது. மேரி கோம் 9-1 என்று ஜெயித்தார். அதனால் அவர் மதிப்பு குறைந்தா போயிற்று? (கை குலுக்காமல் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.)

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அதில் 'ரெவனான்' என்றால் திரும்பி வருபவர். பேய்க்கும் அதே சொல்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு சூப்பரின்டென்ட் ஆறு வருஷ டெபுடேஷன் முடிந்து திரும்பினார். சீனியாரிட்டிப்படி பழைய சீட்டே கிடைத்தது. விதிகள் மாறியிருந்தன, கம்ப்யூட்டர் வந்திருந்தது. அவர் பழைய மாதிரியே நோட் எழுதினார். திரும்பி வந்த ஃபைல்களுக்கெல்லாம் மெமோ வாங்கியது நான்.

காசு பார்க்கும் விளையாட்டில் வேறு நியாயம். கனடாவின் ஜார்ஜ் சென்-பியர் 2017-இல் நாலு வருஷம் கழித்து யுஎஃப்சிக்குத் திரும்பியபோது, நேராகவே பட்டச் சண்டை கொடுத்தார்கள். ஜெயித்தார், ஒரு மாதத்தில் பட்டத்தைத் துறந்தார். வரிசையில் நின்றவர்களை யார் கேட்டது?

2022 ஜூனில் மேரி கோம் காமன்வெல்த் ட்ரயலுக்கு வந்தார், 48 கிலோவில். 2018-இல் அவர் காமன்வெல்த் தங்கம் வாங்கிய அதே பிரிவு. இப்போது எதிரே நின்றது நீத்து கங்காஸ், இரண்டு முறை இளையோர் உலக சாம்பியன். முதல் ரவுண்டிலேயே மேரி கோமுக்கு முழங்கால் பிசகியது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் நின்று வந்தார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆகஸ்டில் பர்மிங்காமில் நீத்து தங்கம் வாங்கினார். நாளைக்கு டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.